கிரிக்கெட் மட்டும் தெரிந்தவர் பேஸ்போல் பார்க்கப் போகலாமா?

தம்பி,

கனடாவின் ஒன்ராறியோ லண்டனுக்கு வந்து ஏழு மாதம் ஆகிறது, வேலைத்தலத்தில் எல்லோருமாகச் சேர்ந்து ரொறன்ரோவுக்குப் புளூ ஜேய்ஸ் பேஸ்போல் அணியின் ஆட்டம் பார்க்கப் போகிறார்கள், உங்களையும் கூப்பிட்டிருக்கிறார்கள். ரிக்கெற், பயணம், சாப்பாடு என்று பார்த்தால் 150 டொலருக்குக் குறையாது போலிருக்கிறது. கிரிக்கெட்டைத் தவிர ஒன்றும் அறியாத நான் அங்கே மூன்று மணி நேரம் என்ன செய்வது, ஏதாவது சாக்குச் சொல்லிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போங்கள். காசைப் பற்றிக் கவலை வேண்டாம், அதைக் குறைக்கும் வழியைப் பிறகு சொல்கிறேன். ஆனால் வேலைத்தலத்தில் மதிப்புக் கூடும் என்று நினைத்துப் போகாதீர்கள். கூடாது. 33 வருட அனுபவத்தில் சொல்கிறேன்.

கிரிக்கெட்டை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் முதல் அரை மணி நேரம் எரிச்சல்தான் வரும். மட்டை உருளையாக இருக்கிறது. பந்து நிலத்தில் குத்தாமல் வருகிறது. பின்பக்கம் அடித்தால் ஓட்டம் கிடையாது. முன்னால் அடித்துவிட்டால் ஓடியே ஆகவேண்டும், மறித்துவிட்டு நிற்க முடியாது. வவுனியாவில் படித்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியென்றால் எல்லே விளையாடியிருப்பீர்கள். அதை நினைத்துக்கொள்ளுங்கள். மூங்கில் தடி, மூன்று வாய்ப்பு, அடித்ததும் தரிப்பிடங்களைச் சுற்றி ஓட்டம், பிடி கொடுத்தால் வெளியே. பேஸ்போல் என்பது அதனுடன் தோல் கையுறையும் கோடிக்கணக்கான காசும் சேர்ந்தது. அந்தத் தரிப்பிடத்தை இங்கே தளம் என்போம், ஒரு தளத்திலிருந்து அடுத்த தளத்துக்கு 90 அடி. மூவர் ஆட்டமிழந்தால் பக்கம் மாறும். இரு அணிக்கும் ஒன்பது முறை, ஒவ்வொரு சுற்றும் ஓர் இன்னிங்ஸ். சமநிலை கிடையாது, முடிவு வரும்வரை ஆடுவார்கள். பத்துத் தரத்தில் மூன்று தரம் சரியாக அடிப்பவன் இங்கே பெரிய ஆட்டக்காரன். மற்ற ஏழு தரமும் தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடப்பான், ஒருவரும் அவனைத் திட்டுவதில்லை. நம் வீடுகளில் இப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் எத்தனை பிள்ளைகள் பிழைத்திருக்கும்!

மூன்று மணி நேரம் என்று பயப்படுகிறீர்கள். 2023இலிருந்து பந்து எறிபவருக்கு மணிக்கூடு வைத்துவிட்டார்கள். தளங்களில் ஆள் இல்லையென்றால் 15 விநாடிக்குள், இருந்தால் 18 விநாடிக்குள் எறிய ஆரம்பித்துவிட வேண்டும். பெரும்பாலான ஆட்டங்கள் இப்போது மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். சும்மா இருந்து கதைப்பதற்குத்தான் நாங்கள் அங்கே போனோம்.

'நாங்கள்' என்றால் நானும் என் பழைய அறைத்தோழரும். நான் 1992இல் வந்தேன். ரொறன்ரோவில் சென் ஜேம்ஸ் ரவுண் மாடிக் குடியிருப்பில் ஓர் அறை வீட்டில் ஆறு பேர். இருவரும் நகர நடுவில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினோம். 1993 ஒக்ரோபர் 23, சனி இரவு. வேலை நெருக்கிய நேரத்தில் சமையல்காரர் வானொலியை உரக்க வைத்துவிட்டு அசையாமல் நின்றார். உலகத் தொடர் எனப்படும் பேஸ்போல் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம், பிலடெல்பியா 6-5 என்று முன்னால் இருக்கிறது, கடைசி இன்னிங்ஸ். எங்களுக்கு இது எதுவுமே அப்போது தெரியாது. அடுப்பில் ஏதோ கருகுவது மட்டும் தெரிந்தது. புளூ ஜேய்ஸின் ஜோ கார்ட்டர் அடித்த பந்து இடதுபக்க வேலியைத் தாண்டிப் போனது, 8-6 என்று வெற்றி. சமையல்காரர் என்னைத் தூக்கியே விட்டார். சவர்க்கார நுரை வழிகிற கையோடு நான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன். வேலை முடிந்து வெளியே வந்தால் யங் வீதியில் கால் வைக்க இடமில்லை. முன்பின் தெரியாதவர்கள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கூட்டம் கத்திக்கொண்டு ஓடிவந்தால் ஒதுங்கி ஒளியப் பழகியவர்கள் நாங்கள். நண்பர் அன்று ஒரு கடை வாசலுக்குள் ஒதுங்கி, இது சந்தோஷக் கூட்டம்தானா என்று என்னிடம் இரண்டு தரம் கேட்டார்.

அடுத்த வருடம் நேரில் பார்க்கவேண்டும் என்று காசு சேர்த்தோம். 1994 ஆகஸ்ட் 12இல் வீரர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அந்த வருடம் உலகத் தொடரே நடக்கவில்லை. கடைசியில் 1995இல் அவர்களுடைய அரங்கான ஸ்கைடோமின் உச்சி அடுக்கான 500ஆம் மட்டத்தில், வலதுபக்கக் கோடியில், மிக மலிவான இருக்கையில் போய் இருந்தோம். இரண்டு வருடம் முன்பு உலகத்தை வென்ற அணி அந்த வருடம் தன் பிரிவில் கடைசி. கண் முன்னால் தோற்றார்கள். பையில் இருந்த ஆட்டிறைச்சி றோல்ஸ் மட்டும் குறை வைக்கவில்லை.

பிறகு எனக்கு லண்டனில் வேலை, அவருக்கு ஏஜாக்ஸில் வீடு. கல்யாணம், செத்தவீடு என்று மண்டபங்களில் சந்தித்ததுதான். 2024 ஆகஸ்டில் ஒரு ஞாயிறு பகல் ஆட்டத்துக்குப் போவோம் என்று அவரே தொலைபேசியில் சொன்னார். யூனியன் ரயில் நிலையத்தில் சந்தித்து, மூடிய நடைபாதை வழியாகப் போனோம். கட்டடத்தின் வெளிச்சுவர் உச்சியில் பொன்னிற உருவங்கள் விரல் நீட்டிக் கேலி செய்தபடி நிற்கும். அவை அப்படியே இருந்தன. பெயர்தான் 2005இலிருந்து ரொஜர்ஸ் சென்ரர். நண்பர் வாயில் இன்னும் ஸ்கைடோம்தான் வருகிறது.

உள்ளே போனதும் பழைய இருக்கையைத் தேடினார். 2023இல் வெளிப்புறத்தின் மேல்மட்ட இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, நின்றுகொண்டு குடித்தபடி பார்க்கும் திடல்களாக மாற்றியிருக்கிறார்கள். நாங்கள் இருந்த இடத்தில் பேரப்பிள்ளைகள் வயதில் நாலு பேர் பியர்க் குவளையோடு நின்றார்கள். எதிர்ப்புறம் மூன்றாவது தளப் பக்கத்தில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டு, "எங்கள் கதிரையை விற்றுப்போட்டாங்கள்" என்று ஏழு இன்னிங்ஸ் வரை புறுபுறுத்தார். ஏழாவது இன்னிங்ஸ் இடைவெளியில் வழக்கமாகப் பாடும் பாட்டை எல்லோரும் எழுந்து பாடினார்கள். இவரும் எழுந்தார். சொற்கள் முழுதும் அவருக்குத் தெரிந்திருந்தது எனக்குப் புதினம். பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது வருடா வருடம் கூட்டி வந்தாராம். என்னிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. தோற்றார்கள். அந்த வருடமும் புளூ ஜேய்ஸுக்குத் தன் பிரிவில் கடைசி இடம்.

இனிக் காசு விஷயம். 500ஆம் மட்டத்தில், மூன்றாவது தளப் பக்கம் எடுங்கள். கூரை திறந்திருந்தால் சிஎன் கோபுரம் அண்ணாந்து பார்க்கும்படி நிற்கும். காரில் நகர நடுவுக்குள் போகாதீர்கள், தரிப்பிடக் காசு ரிக்கெற்றை விழுங்கும். லண்டனிலிருந்து 403 நெடுஞ்சாலை வழியாக வந்து பேர்லிங்ரனில் ஓல்டர்ஷொட் நிலையத்தில் காரை இலவசமாக விட்டுவிட்டு, கோ என்ற புறநகர் ரயிலில் யூனியன் வரை போகலாம். வீட்டுச் சாப்பாடு கொண்டுபோக விடுவார்கள். கண்ணாடிப் போத்தலும் தகரப் பேணியும் கூடாது, பை சிறியதாக இருக்கவேண்டும். பன்னிரண்டு றோல்ஸாவது எடுங்கள், பக்கத்து இருக்கைக்காரர் கேட்பார். மாட்டிறைச்சி சாப்பிடாதவரென்றால் அங்கே விற்கும் ஹொட் டோக்கை விசாரித்து வாங்குங்கள். இரவு ஆட்டம் பெரும்பாலும் 7:07க்குத் தொடங்கும், லண்டன் திரும்ப நடுச்சாமம் தாண்டும். பகல் ஆட்டமே உத்தமம்.

2025இல் நாங்கள் போகவில்லை. அந்த வருடம்தான் அவர்கள் 1993க்குப் பிறகு முதல் தடவை உலகத் தொடருக்குப் போனார்கள். ஏழாவது ஆட்டத்தில், பதினோராவது இன்னிங்ஸில், 5-4 என்று லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸிடம் தோற்ற இரவு நண்பர் தொலைபேசி எடுத்தார். நாங்கள் போகாதபடியால்தான் இவ்வளவு தூரமாவது வந்தார்கள் என்பது அவருடைய முடிவு.

நீங்கள் போகும் நாளை எனக்கு எழுதுங்கள். அன்று நாங்கள் இருவரும் வீட்டிலேயே இருக்கிறோம்.