பழைய சவரக்கத்தி வாங்கும்போது பெயருக்கு முன்னால் முதுகைப் பாருங்கள்

பிடிக்குள் மடங்கும் பழைய சவரக்கத்திகளை வாங்கிச் சேர்க்க விரும்புவதாகவும், எந்த நிறுவனத்தின் கத்தியைத் தேட வேண்டும், மலேசியாவில் எங்கே கிடைக்கும், வாங்கியதைக் கொண்டு இன்றும் சவரம் செய்ய முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நான், பதினான்கு ஆண்டுகளாக இவற்றைச் சேர்த்து வருகிறேன். இப்போது முப்பத்தொரு கத்திகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்பதை மாற்றி மாற்றிச் சவரத்துக்கு எடுக்கிறேன். எந்தப் பெயரைத் தேடுவது என்ற கேள்வியை நான் கடைசியில்தான் எடுத்துக்கொள்வேன். கத்தியைக் கையில் எடுத்தவுடன் முதலில் பார்க்க வேண்டியது அதன் முதுகு.

காரணத்தைச் சொல்கிறேன். சமையலறைக் கத்தியைக் கல்லின்மேல் நம் கணிப்புக்கு ஏற்பச் சாய்த்துப் பிடித்துத் தீட்டுகிறோம். சவரக்கத்தியை அப்படித் தீட்டுவதில்லை; தடித்த முதுகும் மெல்லிய வாயும், அதாவது வெட்டும் விளிம்பும், ஒரே சமயத்தில் கல்லில் படியும்படி முழுவதுமாகப் படுக்க வைத்துத்தான் தள்ள வேண்டும். ஆகவே வாயின் கோணத்தை முடிவு செய்வது முதுகின் தடிமனுக்கும் அலகின் அகலத்துக்கும் இடையிலான விகிதமே. முதுகின் தடிமன் அலகின் அகலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடைப்பட்டு இருந்தால், கோணம் ஏறத்தாழ 14 முதல் 19 டிகிரிக்குள் அமையும். முகத்தை வழிக்கத் தேவையான கூர்மையும், அந்தக் கூர்மை சில வாரங்களுக்கு நிற்பதற்கு வேண்டிய உறுதியும் அந்த எல்லைக்குள்தான் சேர்ந்து கிடைக்கின்றன. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் வாயோடு முதுகும் சிறிது தேய்கிறது. அளவாகத் தீட்டியவர் கையில் இருந்த கத்தியின் முதுகில் இருபுறமும் நூலிழை போன்ற ஒரு தட்டைக் கோடு மட்டும் தெரியும். முரட்டுக் கல்லில் அழுத்தித் தேய்த்தவர் கையில் இருந்த கத்தியிலோ அந்தக் கோடு மூன்று, நான்கு மில்லிமீட்டர் அகலப் பட்டையாகப் பரந்திருக்கும். அப்படிப்பட்ட கத்தியில் முதுகு மெலிந்து கோணம் குறைந்துவிட்டதால், எவ்வளவு சிரத்தையாகத் தீட்டினாலும் வாய் எளிதில் நொறுங்கும். துருவை நீக்கலாம், உடைந்த பிடியை மாற்றலாம், தேய்ந்துபோன முதுகை மட்டும் யாராலும் திருப்பித் தர முடியாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு கத்தி. நான் பிறந்த ரப்பர் தோட்டத்துக்கு ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஒரு நாவிதர் மிதிவண்டியில் வருவார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகைக்குப் பக்கத்து மரநிழலில் முக்காலியைப் போட்டு, லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆண்கள் அனைவருக்கும் முடிவெட்டி முகம் வழிப்பார். நாங்கள் அவரைத் தாத்தா என்றுதான் அழைப்போம். ஒருவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்ததும், மரத்தில் மாட்டியிருக்கும் தோல்வாரில் கத்தியை இருபது முறையாவது இழுத்த பிறகே அடுத்தவரை உட்காரச் சொல்வார். கல்லை அவர் எடுத்து நான் பார்த்தது மிக அரிது. அதே லயத்தில் என் அம்மா மாலைதோறும் பால்வெட்டும் கத்தியைத் தீட்டுவார். மறுநாள் மரத்தின் பட்டை காயப்படாமல் சீவப்பட வேண்டும் என்பதால் அவர் அதைச் செய்யாத நாளே கிடையாது. ஏன் நாள்தோறும் தீட்டுவதில்லை என்று நான் தாத்தாவிடமே கேட்டபோது, "தோலில் இழுத்தால் வாய் நிமிரும், கல்லில் தேய்த்தால் கத்தி குறையும்" என்றார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து அவருடைய மகன் என் வீட்டுக்கு வந்து, "வாத்தியாரே, இது உங்களிடம் இருந்தால் வீணாகாது" என்று சொல்லி ஒரு துணிப்பொட்டலத்தைக் கொடுத்தார். உள்ளே ஷெஃபீல்டு நகரத்து ஜோசப் ரோஜர்ஸ் நிறுவனத்தின் கத்தி, நட்சத்திரமும் மால்டாச் சிலுவையும் பொறித்த முத்திரையோடு இருந்தது. எத்தனையோ முகங்களைப் பார்த்த அந்தக் கத்தியின் முதுகில் ஒரு மில்லிமீட்டர் தேய்மானம்கூட இல்லை.

முதுகுக்கு அடுத்தபடியாக வாய். கத்தியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வாய்க்கோடு நேராகவோ, நடுப்பகுதி சற்றே வெளியே புடைத்துப் புன்னகை போலவோ இருந்தால் நல்லது. நடுப்பகுதி உள்வாங்கியிருந்தால், அதைச் சரிசெய்ய இரு முனைகளிலும் நிறைய எஃகைக் கரைக்க வேண்டியிருக்கும். பிறகு கத்தியை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் படுக்க வைத்துப் பாருங்கள். ஆடினால் அலகு முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். பழுப்பு நிறப் படலம் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அது கழுவினால் போகும் முதுமை. வாய்க்கு அருகில் ஊசி குத்தியது போன்ற கருந்துருக்குழிகள் இருந்தால் மட்டும் விலகிவிடுங்கள். தீட்டும்போது அந்தக் குழி வாயை எட்டியவுடன் அங்கே ஒரு பல் விழும். நன்கு குழிவாகச் சாணை பிடித்த மெல்லிய அலகாக இருந்தால், நகத்தால் மெதுவாகச் சுண்டிப் பாருங்கள். தெளிவாக ஒலித்தால் நிம்மதி. ஒலி அடைத்துப்போயிருந்தால், விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுங்கள்.

மெருகேற்றிய கத்தியைக் கண்டு மயங்க வேண்டாம். இணையத்தில் ஒருவரிடம் கண்ணாடி போலப் பளபளத்த ஒரு ஸோலிங்கன் கத்தியை நான் 280 ரிங்கிட் கொடுத்து வாங்கினேன். எப்படித் தீட்டினாலும் இரண்டாம் சவரத்தில் அதன் வாய் மழுங்கியது. மின்சக்கரத்தில் வைத்து மெருகேற்றியபோது மெல்லிய வாய்ப்பகுதி சூடேறி எஃகின் பதம் போய்விட்டது என்பது பிறகுதான் புரிந்தது. இக்கத்திகளின் கரியெஃகு சுமார் 200 டிகிரி செல்சியஸ் அளவில் பதப்படுத்தப்படுகிறது. அதற்கு மேல் சூடு ஏற ஏற எஃகு மென்மையாகிக்கொண்டே போகும். விரலால் தொட முடியாத சூட்டை உங்கள் கத்திக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

இனி பெயர்களுக்கு வருகிறேன். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன், சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா, பிரான்சின் தியேர் ஆகிய நான்கு நகரங்களின் கத்திகளே பெரும்பாலும் கைக்கு வரும். ஷெஃபீல்டின் பழைய கத்திகள், குறிப்பாக வேட் அண்ட் புட்சர் நிறுவனத்தின் அகன்ற கத்திகள், கனமான ஆப்பு வடிவம் கொண்டவை. நம்மவர்களின் அடர்ந்த தாடிக்கு அந்தக் கனம் பெரிதும் உதவுகிறது. ஸோலிங்கன் கத்திகள் மிக மெல்லிய குழிவுச் சாணையால் புகழ்பெற்றவை. முகத்தில் ஓடும்போது முடி அறுபடும் ஒலியே காதில் கேட்கும். அந்த நகரின் பெயரை வேறிடத்துப் பொருள்களில் பொறிப்பதைத் தடுக்க 1938இல் ஜெர்மனியில் ஒரு சட்டமே இயற்றினார்கள்.

காலத்தைக் கணிக்க, அலகைப் பிடியோடு இணைக்கும் தண்டில் உள்ள எழுத்துகள் துணைபுரியும். நாட்டின் பெயர் இல்லாமல் ஷெஃபீல்டு என்று மட்டும் இருந்தால், பெரும்பாலும் 1890க்கு முற்பட்டது. இறக்குமதிப் பொருள்களில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்ற அமெரிக்கச் சுங்கச் சட்டம் 1891இல் நடைமுறைக்கு வந்த பிறகு இங்கிலாந்து என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. கிரீடத்தோடு வி, ஆர் என்னும் எழுத்துகள் இருந்தால் அது விக்டோரியா அரசியின் காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. மேற்கு ஜெர்மனி என்றிருந்தால் 1949க்குப் பிந்தையது. கேஸ்ட் ஸ்டீல் என்ற பொறிப்பைக் கண்டு வார்ப்பிரும்பு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1740களில் பெஞ்சமின் ஹண்ட்ஸ்மன் ஷெஃபீல்டில் உருவாக்கிய முறைப்படி, மண்குகை எனப்படும் களிமண் கலத்தில் உருக்கி எடுத்த உயர்ந்த எஃகையே அது குறிக்கிறது. அந்த எஃகை மணற்கல் சக்கரத்தில் சாணை பிடித்த தொழிலாளர்கள் பலர், கல்தூசி நுரையீரலை அரித்ததால் இளவயதிலேயே இறந்தார்கள். நூறாண்டு தாண்டிய ஒரு கத்தியைக் கையில் எடுக்கும்போது எனக்கு அவர்கள் நினைவு வராமல் இருப்பதில்லை.

எங்கே கிடைக்கும் என்றால், எனக்கு மிகுதியாகக் கிடைத்தது ஈப்போவில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடும் மெமரி லேன் பழம்பொருள் சந்தையில்தான். பினாங்கின் லோரோங் கூலிட் சந்தையிலும், பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிச் சந்தையிலும் சில வாங்கியிருக்கிறேன். ஆனால் தோட்டப்புறத்து ஊர்களில் இருப்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் பழைய முடிதிருத்தும் நிலையங்கள். இரத்தத்தால் பரவும் நோய்கள் குறித்த விழிப்புணர்வு வந்த பிறகு அனைவரும் பிளேடு மாற்றும் கத்திக்கு மாறிவிட்டதால், முழுக்கத்திகள் இழுப்பறைகளில் உறங்குகின்றன. மேலும், இத்தொழிலுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது 2009இல் நிறுத்தப்பட்டு 2023இல்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்த இடைவெளியில் ஆளில்லாமல் எங்கள் பகுதியில் மூடிய கடைகளின் பொருள்கள் பழைய இரும்புக்கடைக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள், உரிய விலையைக் கொடுங்கள். பழைய இரும்பின் எடைக்குப் பேரம் பேசி ஒருவருடைய தொழிற்கருவியை வாங்குவது எனக்கு உவப்பானதல்ல.

பிடியின் பொருளையும் கவனிக்க வேண்டும். கொம்புப் பிடியைப் பூச்சி அரித்திருக்கலாம், அதனால் பெரிய கேடில்லை. தந்தப் பிடியை வெளிநாட்டிலிருந்து தருவிக்க நினைக்காதீர்கள். அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் குறித்த 2008ஆம் ஆண்டுச் சட்டம் இங்கே நடைமுறையில் உள்ளது. இவற்றைவிடக் கேடு விளைவிப்பது செல்லுலாய்டு. பார்ப்பதற்கு ஆமையோடு போலவோ தந்தம் போலவோ அழகாக இருக்கும் இந்தப் பழைய செயற்கைப்பொருள், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதையத் தொடங்கினால் அமில ஆவியை வெளியிடும். அப்படி ஒரு கத்தியை மற்றவற்றோடு சேர்த்து நான் ஒரு பிஸ்கட் டின்னில் மூடி வைத்தேன். எட்டு மாதம் கழித்துத் திறந்தபோது அதன் அலகு பிடிக்குள் மறையும் பகுதி முழுவதும் அரித்துப்போயிருந்தது. பக்கத்தில் இருந்த மூன்று கத்திகளிலும் துரு ஏறியிருந்தது. அவற்றுள் ஒன்றை என்னால் காப்பாற்றவே முடியவில்லை. செல்லுலாய்டுப் பிடி கொண்டவற்றைக் காற்றோட்டமாகத் தனியே வையுங்கள். பிடியில் மயிரிழை வெடிப்போ கற்பூரம் போன்ற கடும் வாடையோ தெரிந்தால் பிடியை உடனே கழற்றிவிடுங்கள்.

சவரத்துக்கு எடுப்பதற்கு முன்னர், சோப்பு நீரில் கழுவி 70 விழுக்காட்டு ஆல்கஹாலால் நன்றாகத் துடையுங்கள்; துணி வெளுக்கும் குளோரின் திரவம் கரியெஃகை அரிக்கும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். மேல்துருவை நீரில் நனைத்த மிக நுண்ணிய உப்புத்தாளால் கையாலேயே தேய்த்து எடுக்கலாம். அலகில் தங்கமுலாம் எழுத்து இருந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், இரண்டே தேய்ப்பில் அழிந்துவிடும். தீட்டுவதற்கு 1000, 4000, 8000, 12000 என்ற வரிசையில், எண் கூடக் கூட நுண்மையாகும் நீர்க்கற்கள் (நீர் விட்டுத் தீட்டும் கற்கள்) போதும். வாய் உடையாமல் இருந்தால் 1000 எண் கல்லுக்குத் தேவையே இருக்காது. தோல்வாரில் இழுக்கும்போது முதுகு முன்னே செல்ல வேண்டும், வாரைத் தளரவிடக் கூடாது. நம் நாட்டு ஈரப்பதத்தில் ஒரே இரவில் துரு பிடிக்கும் என்பதால், சவரம் முடிந்ததும் கத்தியைத் துடைத்து, சிறிது நேரம் மடக்காமல் காயவிட்டு, கனிம எண்ணெயை மெல்லியதாகப் பூசுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பேபி ஆயில் போதும். தாத்தா தேங்காய் எண்ணெய்தான் பூசினார், ஆனால் அவர் கத்தி ஒரு வாரமும் சும்மா கிடந்ததில்லை. நெடுநாள் வைக்கும் கத்தியில் அது காறிப்போய்ப் பிசுபிசுக்கும்.

விலை பற்றி என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன். சந்தையில் 40 முதல் 120 ரிங்கிட் வரை கொடுத்தவையே நான் நாள்தோறும் பயன்படுத்தும் கத்திகள். முதல் கத்தியாக, ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து அல்லது ஆறு பங்கு அகலமும் வட்ட முனையும் அரைக்குழிவும் (பாதியளவு குழிவான சாணையும்) கொண்ட ஸோலிங்கன் கத்தியை வாங்குங்கள். அகன்ற ஷெஃபீல்டு கத்தியைக் கையாள மணிக்கட்டு பழக வேண்டும். வாங்கியதைத் துணியில் சுற்றிப் பையின் அடியில் வைத்து நேரே வீட்டுக்குக் கொண்டுபோங்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் இத்தகைய ஆயுதத்தை வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும். இணையத்தில் வாங்குவதானால் விற்பவரிடம் மூன்று படங்களைக் கேளுங்கள்: முதுகை மேலிருந்து எடுத்தது, வாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எடுத்தது, பிடிக்குள் மறையும் தண்டுப் பகுதியை நெருக்கமாக எடுத்தது. அந்த மூன்றையும் இங்கே பதிவிட்டால், பணம் அனுப்புவதற்கு முன் நானும் பார்த்துச் சொல்கிறேன்.