கோலாலம்பூர்ல காடி இல்லாம சமாளிக்க முடியுமா?

கேள்வி கேட்டது தம்பியா தங்கச்சியானு தெரியல. கோலாலம்பூர்ல மொத வேலை கெடச்சிருக்கு, சம்பளம் ரெண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) சொச்சம், வீட்ல காடி, அதான் கார், எடுத்துட்டுதான் போகணும்னு நிக்கறாங்க, எடுக்காம சமாளிக்க முடியுமானு கேட்டிருக்கீங்க. முடியும். நான் அங்க பல வருஷம் காடி இல்லாம இருந்தவ, இப்ப பேராக்ல, ஈப்போ பக்கம் சுங்கை சிப்புட்ல அம்மாவோட இருக்கேன், இங்கயும் காடி கெடையாது. ரெண்டு பக்கமும் பாத்ததால சொல்றேன்.

நீங்களும் என்னை மாதிரி ரப்பர் தோட்டத்துப் பக்கம்னுதான் நெனைக்கிறேன், ஏன்னா கோலாலம்பூர்ல பொறந்து வளந்த புள்ளைங்க வீட்ல இப்படி அடம் புடிக்க மாட்டாங்க. நம்ம வீட்ல காடி எடு காடி எடுனு சொல்றாங்களே, அது கோலாலம்பூர மனசுல வச்சு சொல்றது இல்ல, நம்ம ஊர வச்சு சொல்றது. இங்க காடி இல்லன்னா ராத்திரி காச்சல் வந்தா போக வழியில்ல, அந்த பயத்தைதான் அங்கயும் கொண்டு போறாங்க. அவங்கள குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா அந்த பயத்துக்கு நீங்க ஒம்பது வருஷம் லோன் கட்டணுமானு யோசிச்சுக்குங்க.

கணக்க பாருங்க. இருக்கறதுலயே வெல கொறைஞ்ச புது காடினு 2023ல பெரோடுவா கம்பெனி ஆக்சியா ஒண்ணு 22,000 வெள்ளிக்கு விட்டாங்க, ஓட்டோ கியர் கூட கெடையாது. அதையே முழு லோன்ல ஒம்பது வருஷத்துக்கு போட்டா மாசம் முன்னூறு வெள்ளிக்கு கொஞ்சம் கொறையா வரும். அதே கம்பெனி மைவின்னா ஐநூறு தாண்டிடும். இதுக்கு மேல இன்சூரன்ஸ், ரோட்டாக்ஸ், டயர், சர்வீஸ், டோல், பெட்ரோல் எண்ணெய். எல்லாத்தையும் விட வேலை எடத்துல பார்க்கிங், அது மாசாமாசம் எவ்வளவு இழுக்கும்னு இங்க இருந்து பாக்கறவங்களுக்கு தெரியாது. 2025 பிப்ரவரியில இருந்து கொறைஞ்சபட்ச சம்பளமே 1,700 வெள்ளிதான், உங்க சம்பளம் அதுக்கு கொஞ்சம் மேல, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்பீடு) புடிச்சது போக கைக்கு என்ன வரும்னு நீங்களே போட்டு பாருங்க. அந்தப் பக்கம் மை50 பாஸ் மாசம் 50 வெள்ளி, மலேசியக் குடிமக்களுக்கு மட்டும், எல்ஆர்டி, எம்ஆர்டினு ஓடற டவுன் ரயில், மோனோரயில், ரேபிட் கேஎல் பஸ், எம்ஆர்டி ஸ்டேசனுக்கு வர ஃபீடர் பஸ் எல்லாத்துலயும் எத்தனை தடவ வேணும்னாலும் ஏறலாம். ஆனா புறநகருக்கு ஓடற கேடிஎம் கொமுட்டர் ரயில் அதுல சேராது. இத கவனிக்காம கிள்ளான், ரவாங் பக்கம் வீடு எடுத்துட்டு பாஸும் வாங்கி டிக்கெட்டும் வாங்கறவங்கள நான் பாத்திருக்கேன்.

நான் இருந்தது பிரிக்பீல்ட்ஸ்ல, ஒரு அக்கா வீட்டு மேல்மாடி ரூம். ஆபீஸ் பெட்டாலிங் ஜெயாவுல, ஏசியா ஜெயா ஸ்டேசன்ல எறங்கி நடக்கணும். பக்கத்துல பெரிய ரயில் ஸ்டேசன் கேஎல் சென்ட்ரல் 2001ல தொறந்தது, அதுக்கப்புறம்தான் நான் போனேன், அதனால எனக்கு எல்லாமே காலடியில இருந்துச்சு. பிரிக்பீல்ட்ஸ் பெரிய ரோட்டுக்கு பேரே ஜாலான் துன் சம்பந்தன், எங்க சுங்கை சிப்புட்காரர், தோட்டம் துண்டு துண்டா வித்துப் போன காலத்துல 1960ல தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்த ஆரம்பிச்சு தோட்டத்து சனங்க காசுலயே தோட்டம் வாங்க வச்சவரு. அந்த ரோட்டுல நடக்கறப்ப ஊர்ல இருக்கற மாதிரியே தோணும், ஒரு நாள் கூட ஒத்தையா இருக்கேன்னு நெனைச்சதில்ல. தைப்பூசத்துக்கு காடி வச்சிருந்த கூட்டாளிங்க செலாயாங் பக்கமே மாட்டிக்கிட்டு நிப்பாங்க. 2010ல கொமுட்டர பத்துமலை வரைக்கும் நீட்டினாங்க, அதுக்கப்புறம் நான் கோயில் வாசல்லயே எறங்கிடுவேன்.

வீடு பாக்கறப்ப எல்லாரும் காலையில வேலைக்கு எப்படி போறதுன்னுதான் பாப்பாங்க. நீங்க ராத்திரி எப்படி வர்றதுன்னு பாருங்க. காலையில எல்லா எடத்துலயும் பஸ் இருக்கும், கூட்டத்தோட போயிடலாம். வேலை முடிஞ்சு பத்து மணிக்கு ஸ்டேசன்ல எறங்கினப்புறம் வீட்டுக்கு நடக்கற வழியில வெளக்கு இருக்கா, நடைபாதை இருக்கா, நடுவுல ஹைவே குறுக்க போகுதா, இதெல்லாம் வாடகை அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி பாக்கணும். வீட்டுக்காரர் "எம்ஆர்டி கிட்டதான்"னு சொல்லுவாரு, மேப்புலயும் கிட்டதான் காட்டும், நேர்ல போனா மேம்பாலம் தேடி சுத்திக்கிட்டு வரணும். ஸ்டேசன் பக்கத்துல வாடகை நூறு வெள்ளி கூடன்னாலும் குடுங்க, காடி லோன் கூட பாத்தா அது பெரிய காசு இல்ல.

இப்ப எங்க ஊரு கதைக்கு வரேன், ஏன்னா உங்க அப்பா அம்மா பயம் அங்கதான் இருக்கு.

நாங்க தோட்டத்துல இருந்த காலத்துல யார்கிட்டயும் காடி கெடையாது, தோட்டத்து ஆபீஸ் பெரிய கிராணி (கிளார்க்கு) வீட்ல மட்டும் ஒண்ணு நிக்கும். யாருக்கும் அது ஒரு கொறையா தெரிஞ்சதில்ல. லயம்னு சொல்ற தொழிலாளி வரிசை வீட்ல இருந்து பள்ளிக்கூடம், கோயில், புள்ளைங்கள பாத்துக்கற ஆயாக் கொட்டகை, மருந்து குடுக்கற எடம், மளிகைக் கடை எல்லாமே நடக்கற தூரம். சம்பளத்தன்னைக்கு லோரியில டவுனுக்கு போவோம். அப்புறம் கித்தா (ரப்பர்) மரத்த வெட்டிட்டு செம்பனை போட்டாங்க, சில தோட்டத்துல நெலத்தையே வித்து தாமான் (வீட்டுக் குடியிருப்பு) கட்டினாங்க, சனங்க லயத்த காலி பண்ணிட்டு டவுனுக்கு வெளிய தாமான் வீட்டுக்கு வந்தாங்க. பள்ளிக்கூடம் ஒரு பக்கம், கோயில் ஒரு பக்கம், வேலை ஒரு பக்கம்னு ஆயிடுச்சு. 1994ல கஞ்சில்னு சின்ன காடி வந்ததும் முடிஞ்சவங்க காடி வாங்கினாங்க, முடியாதவங்க மோட்டர் சைக்கிள் வாங்கினாங்க, பஸ்ல ஆளு கொறைஞ்சுது, ஆளு கொறைஞ்சதும் ட்ரிப்ப கொறைச்சாங்க, ட்ரிப்பு கொறைஞ்சதும் மிச்சம் இருந்தவங்களும் கடன் வாங்கி காடி எடுத்தாங்க. இப்ப பஸ் ஸ்டாண்டுல நிக்கறது கெழவிங்க, பங்களாதேசி பையனுங்க, பள்ளிக்கூட புள்ளைங்க, நான்.

அம்மாவுக்கு கண்ணுல அழுத்தம், ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில பாக்கறோம். இங்க இருந்து ஏறக்கொறைய முப்பது கிலோமீட்டர், கந்தான், செம்மோர் வழியா போற பழைய ரோடு. காலையில மொத பஸ்ஸுக்கே நின்னுடுவோம், அந்த டிரைவர் மலாய்க்காரர், நல்ல மனுசன், அம்மாவ "மக்சிக்"னு கூப்பிட்டு உக்கார வரைக்கும் வண்டிய எடுக்க மாட்டாரு. போறது பிரச்சனை இல்ல. கண்ணுல மருந்து ஊத்தி பாத்து முடிக்க மத்தியானம் ஆயிடும், அம்மாவுக்கு அந்த மருந்து போட்டா வெயில் பாக்க முடியாது, முந்தானைய தலைக்கு மேல போட்டுக்கிட்டு என் கைய புடிச்சுக்கிட்டு வருவாங்க.

ஒரு தடவ அப்படி வந்து நின்னா ரெண்டு மணி பஸ் வரல. யாரும் ஒண்ணும் சொல்லல, ஒரு நோட்டீஸ் கூட ஒட்டல, ட்ரிப்ப நிறுத்திட்டாங்கனு பக்கத்துல பழம் விக்கற அக்கா சொல்லித்தான் தெரியும். கம்பெனி பேர நான் இங்க எழுதல, எழுதினா மட்டும் என்ன ஆகப் போவுது. மழை வேற புடிச்சுக்கிச்சு. போன்ல கிராப் டாக்சி போட்டா ஒருத்தர் எடுப்பாரு, சுங்கை சிப்புட்னு பாத்ததும் கேன்சல் பண்ணுவாரு. அவங்க மேல கோவம் இல்ல, இங்க எறக்கி விட்டா திரும்பி போக ஆளு கெடைக்காது, எண்ணெய் காசு அவங்க தலையில. கடைசியா எங்க தாமான்ல சாப்பு காடி (பெர்மிட் இல்லாத வாடகைக் காடி) ஓட்டற அண்ணனுக்கு போன் போட்டேன், அவரு சோத்துல கை வச்சவரு அப்படியே எந்திரிச்சு வந்துட்டாரு. அன்னைக்கு இருந்து திரும்பி வர்றதுக்கு அவரத்தான் பேசி வச்சிருக்கேன், போறது பஸ், வர்றது அண்ணன் காடி. ஒரு அப்பாய்ன்மெண்ட்டும் இது வரைக்கும் விட்டதில்ல, இத எங்க வேணும்னாலும் சொல்லுவேன்.

இவ்வளவும் இருக்க, ஒரு விசேசத்துல சொந்தக்காரங்க ஒருத்தவங்க எல்லார் முன்னாடியும் "ஒரு காடி வாங்கி பெத்தவள உக்கார வச்சு கூட்டிட்டு போகத் தெரியல"ன்னாங்க. எனக்கு அது இன்னும் ஆறல. நான் காடிக்கு கட்டாத காசுலதான் அம்மா பேர்ல இருந்த தாமான் வீட்டு லோன அடைச்சேன். வீடு எங்களுது, காடி இல்ல. எது பெருசுனு அவங்கவங்க மனசுக்குத் தெரியும்.

ஏன் மோட்டர் வாங்கலனு சிலர் கேப்பாங்க, அதுக்கும் சொல்லிடறேன். கண்ணு தெரியாத அம்மாவ பின்னாடி வச்சு பழைய ரோட்டுல லோரிக்கு நடுவுல ஓட்ட மாட்டேன். இந்த நாட்டுல ரோட்டுல சாகறவங்கள்ல பாதிக்கு மேல மோட்டர்காரங்கதான், எங்க தோட்டத்துலயே எத்தனை பையனுங்கள தூக்கியிருக்கோம். காடி வச்சிருக்கறவங்கள நான் தப்பு சொல்றேன்னு யாரும் எடுத்துக்காதீங்க, மூணு சின்னப் புள்ளைங்கள வச்சுக்கிட்டு இந்த ஊர்ல இருக்கறவங்களுக்கு காடி வேணும்தான். எனக்கு ஒண்ணுதான் வயித்தெரிச்சல், 2025 செப்டம்பர் கடைசியில இருந்து மைகார்ட (அடையாள அட்டைய) காட்டினா பெட்ரோல் லிட்டர் 1 வெள்ளி 99 காசுனு அரசாங்கம் கொறைச்சு குடுத்துச்சு, நல்லதுதான், ஆனா டேங்க் இல்லாதவங்களுக்கு அதுல என்ன இருக்கு? அந்த காசுல கொஞ்சம் எடுத்து சின்ன ஊருக்கு மத்தியானத்துல ஒரு பஸ் விட்டா போதும்.

காடினு சொன்னதும் இன்னொண்ணு, கேள்விக்கு சம்பந்தம் இல்லதான், ஆனாலும் சொல்லிடறேன். இப்பல்லாம் வீட்டுக்கு ரெண்டு காடி நிக்குது, கல்யாணப் பத்திரிகை வைக்க மட்டும் யாரும் வர்றதில்ல, வாட்சப்ல படத்த அனுப்பிட்டு "நேர்ல வந்ததா நெனைச்சுக்குங்க"ன்றாங்க. தம்பி கல்யாணத்துக்கு நானும் அம்மாவும் பஸ் புடிச்சு கோலகங்சார் வரைக்கும் ஒவ்வொரு வீடா போயி தாம்பாளத்துல வச்சு குடுத்தோம். வயசானவங்க அந்தப் பத்திரிகைய கையில வாங்கறதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்காங்க, செய்யுங்கப்பா.

சரி, உங்க விசயம். ஊருக்கு வர்றதுக்கு காடி வேணுமேன்னு வீட்ல சொன்னா, கேஎல் சென்ட்ரல்ல இருந்து இடிஎஸ் மின்சார ரயில் இருக்கு, 2015ல இருந்து ஈப்போ தாண்டி பாடாங் பெசார் வரைக்கும் ஓடுது, சுங்கை சிப்புட்லயும் நிக்கும், எல்லா ரயிலும் நிக்காது, டிக்கெட் எடுக்கறப்ப பாத்து எடுங்க. தீபாவளிக்கு டிக்கெட் தொறந்த உடனே எடுத்துடணும், ரெண்டு நாள் விட்டா கெடைக்காது. லைசென்ஸ் மட்டும் கண்டிப்பா எடுத்து வச்சுக்குங்க, அவசரத்துக்கு அடுத்தவங்க காடிய ஓட்டவாவது ஆகும். முடிஞ்சா வேலை நிரந்தரம் ஆகற வரைக்கும் எதுலயும் கையெழுத்து போடாதீங்க. வேலை எடம் எந்தப் பக்கம்னு கீழ எழுதுங்க, எல்ஆர்டி கெலானா ஜெயா லைன் பக்கம்னா எந்த ஸ்டேசன் கிட்ட ரூம் தேடலாம்னு நான் சொல்றேன்.