தமிழை விட்டுவிடலாமா?

அன்புள்ள ஐயா,

என் மகள் லோவர் சிக்ஸ் (எச்எஸ்சி தேர்வுக்கான இரண்டு ஆண்டில் முதலாண்டு) படிக்கிறாள். கணிதம், பொருளியல், தமிழ் மூன்றும் பிரின்சிபல், அதாவது முக்கியப் பாடங்கள். அமெரிக்காவில் பொருளியல் படிக்க ஆசைப்படுகிறாள். அங்கே கல்லூரியில் சேர எஸ்ஏடி பாடத்தேர்வு எழுத வேண்டும் என்றார் உறவினர் ஒருவர். தேடிப் பார்த்தால் அது நின்றே போய்விட்டதாம். இனி அவளுடைய பாட அறிவை அங்கே எதை வைத்துப் பார்ப்பார்கள்? தமிழை விட்டுவிட்டு அக்கவுண்டிங் எடுக்கச் சொல்கிறார் மாலையில் லெசோன் (தனி வகுப்பு) எடுக்கும் ஆசிரியர். பாடம் மாற்ற இரண்டு வாரம்தான் இருக்கிறது.

ஒரு தாய், ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டு வாரம்தான் என்கிறீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழை விட வேண்டாம்.

உறவினர் சொன்னது ஒரு காலத்தில் சரி. எஸ்ஏடி என்ற பொதுத் தேர்வோடு, ஒவ்வொரு பாடத்துக்கும் தனித் தேர்வையும் காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு நடத்திவந்தது. பாடத்துக்கு ஒரு மணி நேரம், எல்லாம் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், மதிப்பெண் 200 முதல் 800 வரை. கணிதம் இரண்டாம் நிலையில் 60 நிமிடத்தில் 50 கேள்வி. 2021 ஜனவரியில் இதை நிறுத்துவதாக அறிவித்தார்கள். அமெரிக்காவில் உடனே நின்றது, வெளிநாட்டு மாணவர்களுக்கு அந்த ஆண்டு ஜூனோடு முடிந்தது. பள்ளியிலேயே கல்லூரி நிலைப் பாடம் படித்து எழுதும் ஏபி தேர்வுகள் பரவலாகிவிட்டதால் இது தேவையில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அந்தப் பட்டியலில் பிரெஞ்சு, ஜெர்மன், லத்தீன், கொரியம், ஹீப்ரு எல்லாம் இருந்தன. தமிழ் கடைசிவரை இல்லை, ஏபியிலும் இல்லை. ஆகவே அது நின்றதால் உங்கள் மகளுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. அவளுடைய தமிழை அளக்கும் தேர்வு இங்கேதான் இருக்கிறது. நம் பள்ளி இறுதித் தேர்வான எச்எஸ்சி, கேம்பிரிட்ஜ் நடத்தும் ஏ லெவல் தரத் தேர்வு. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அது நன்றாகத் தெரியும். நல்ல கிரேடு வந்தால் முதலாண்டுப் பாடங்கள் சிலவற்றுக்குக் கிரெடிட் கொடுக்கும் (அவற்றைப் படித்ததாகவே கணக்கில் எடுக்கும்) கல்லூரிகளும் உண்டு.

நான் எச்எஸ்சி எழுதிய நாள் இன்னும் நினைவிருக்கிறது. பக்கத்து அறையில் பொருளியலுக்கு உட்கார இடமில்லை. தமிழுக்கு நாங்கள் நான்கே பேர். வீட்டில் க்ரியோல், வகுப்பில் ஆங்கிலமும் பிரெஞ்சும் என்று வளர்ந்த பையன் நான். அன்றுதான் ஒரு விஷயத்தை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை தமிழில் யோசித்துத் தமிழிலேயே எழுதினேன். கை வலித்தது. வெளியே வந்தபோது பாட்டியிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. கொடுத்த விடைகளில் ஒன்றுக்குக் கட்டம் போடும் தேர்வில் இது நடந்திருக்காது. நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருக்கிறது, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை இருக்கிறது. ஆனால் பதினெட்டு வயதில் தமிழில் ஒரு முழுக் கட்டுரை எழுதத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர்? உங்கள் வீட்டில் ஒருத்தி இருக்கிறாள், அம்மா. அவளைத் தடுக்காதீர்கள்.

அக்கவுண்டிங் கெட்ட பாடம் என்று நான் சொல்லவில்லை. பொருளியல் படிக்க அதைவிடக் கணிதம்தான் முக்கியம், அது அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அப்புறம், கவலைப்பட வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, பொதுவான எஸ்ஏடி இன்னும் நடக்கிறது. இடையில் அதைக் கேட்காமல் விட்டிருந்த எம்ஐடி 2022லும், ஹார்வர்டு 2024லும் மீண்டும் கட்டாயம் என்று அறிவித்தன. கேட்காத கல்லூரிகளும் நிறைய உண்டு. அவள் நினைத்திருக்கும் கல்லூரி ஒவ்வொன்றின் விதியையும் அதன் தளத்திலேயே படிக்கச் சொல்லுங்கள், யார் வாய்ப்பேச்சையும் நம்ப வேண்டாம். இரண்டாவது, தேதி. அங்கே பல கல்லூரிகளுக்கு விண்ணப்பக் கடைசி நாள் ஜனவரி தொடக்கத்தில் வரும். எச்எஸ்சி முடிவு வழக்கமாக அதற்குப் பிறகுதான். எனவே பள்ளி தரும் எதிர்பார்ப்பு கிரேடும் ஆசிரியர்களின் பரிந்துரைக் கடிதமும்தான் முதலில் போய்ச் சேரும். ஒரு கடிதத்தைத் தமிழ் ஆசிரியரிடம் கேட்கலாம். நான்கைந்து பேர் மட்டும் உள்ள வகுப்பில் ஆசிரியருக்குப் பிள்ளையை நன்றாகத் தெரியும், அவரால் விவரமாக எழுத முடியும்.

பழைய தமிழ் வினாத்தாள்கள் என்னிடம் ஒரு கட்டு இருக்கிறது. சனிக்கிழமை வாக்வா பக்கம் வந்தால் அவளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், எடுத்து வைக்கிறேன்.