கட்டு அடுக்குவதும் வக்கீல் வேலைதான்

சட்டம் முடித்து எட்டு மாதமாகியும் மகள் கோர்ட்டில் வாய் திறக்கவில்லை, வழக்குக் கட்டுகளை அடுக்கித் தேதி குறித்துக்கொண்டே இருக்கிறாள், இதற்கா இவ்வளவு படித்தாள் என்று எழுதியிருந்தீர்கள், அம்மா. கவலை புரிகிறது. ஆனாலும், அவசரப்பட்டு அவளை அங்கிருந்து எடுத்துவிடாதீர்கள்.

வழக்கை எப்படி நடத்துவது என்ற முடிவு அந்தக் கட்டுக்குள்தான் பிறக்கிறது. கொடுத்த கடன் திரும்பவில்லை என்று ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். கடிதம், ரசீது, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் செய்தி எல்லாவற்றையும் தேதிவாரியாக ஒரே தாளில் எழுதுவது ஜூனியரின் வேலை. எழுதும்போதுதான், வழக்குப் போடக் காலவரம்பு முடிய பத்து நாள்தான் பாக்கி என்பது கண்ணில் படும். அல்லது, பணம் கொடுத்ததாக அவர் சொல்லும் நாளும் வங்கியில் பணம் போன நாளும் ஒத்துப்போகாமல் இடிக்கும். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு அதைப் பிடிப்பதற்குள் நாம் பிடித்துவிட வேண்டும்.

அப்புறம் இன்னொரு தாள். எதையெல்லாம் நிரூபிக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் என்ன ஆவணம், யார் சாட்சி. காலியாக நிற்கிற கட்டம்தான் அடுத்த வார வேலை. அது நிரம்பவே நிரம்பாது என்று தெரிந்தால், சமரசம் பேசலாமா என்று கட்சிக்காரரிடம் அன்றைக்கே சொல்லிவிடலாம். வருடக்கணக்கில் அலையவிட்ட பிறகு சொல்வது பாவம்.

நீதிமன்றங்களும் இந்த ஒழுங்கை எதிர்பார்க்கின்றன. இங்கிலாந்தில் 1999-ல் நடைமுறைக்கு வந்த சிவில் நடைமுறை விதிகள், வழக்கின் கால அட்டவணையை நீதிபதியின் கையில் கொடுத்தன.

சாஃப்ட்வேர் இதைச் செய்யாதா என்று மகளே கேட்கலாம். வாய்தாவை அது நினைவூட்டும், தாள்களை அடுக்கவும் உதவும்; ஆனால் சரிபார்க்கும் பொறுப்பு நம்முடையதுதான். 2023-ல் நியூயார்க்கில், சாட்ஜிபிடி கற்பனையாகச் சொன்ன தீர்ப்புகளைச் சரிபார்க்காமல் தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? அவள் தயாரிக்கும் தாளை சீனியர் படிக்கிறாரா, ஏன் இந்தச் சாட்சி முதலில், ஏன் இந்த மனு இப்போது என்று சொல்லித் தருகிறாரா என்று கேளுங்கள். ஜெராக்ஸ் எடுப்பதோடு நாள் போகிறது என்றால் வேறு அலுவலகம் பார்க்கத்தான் வேண்டும். அதற்கு முன், ஒவ்வொரு வாய்தாவுக்கும் 'இன்று நமக்கு என்ன நடக்க வேண்டும்' என்று அரைப் பக்கம் எழுதி, அதை சீனியரிடம் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மாதம் செய்து பார்க்கட்டும். அவர் என்ன சொல்கிறார் என்று எனக்கு எழுதுங்கள், அதை வைத்து மேற்கொண்டு பேசுவோம்.