பாறை விரிசலைப் படித்தால் வேலை கிடைக்குமா?

உங்கள் மகள் முதுகலை ஆய்வுக்கு, ஊடுருவுதிறன் (திரவத்தைத் தன் வழியே விடும் தன்மை) குறைந்த எண்ணெய்ப் பாறைகளில் இயற்கை விரிசல் எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் தலைப்பை எடுத்திருக்கிறாள், எண்ணெய்க்கே எதிர்காலம் இல்லை என்கிறார்களே என்று கேட்டிருந்தீர்கள். பயம் நியாயமானதுதான். எண்ணெய் விலை சரிந்தால் இந்தத் துறையில் ஆள் எடுப்பது சட்டென்று நின்றுபோகும், 2015-16இலும் 2020இலும் அப்படித்தான் ஆனது. ஆனால் பாறை எங்கே, எந்தத் திசையில் உடைந்திருக்கும் என்ற கேள்வி எண்ணெயோடு முடிவதில்லை. புவிவெப்ப மின்சாரம், கரியமில வாயுவை நிலத்தடியில் சேமிப்பது, அணுக்கழிவைப் புதைக்க இடம் தேடுவது, கடினப் பாறையில் நிலத்தடி நீர், எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான்.

உங்கள் மகள் எடுத்திருக்கும் எண்ணெய்ப் பாறைகளில் ஊடுருவுதிறன் பெரும்பாலும் 0.1 மில்லிடார்சிக்கும் (அதை அளக்கும் அலகு) கீழே. எண்ணெய் இருக்கும், நகராது. விரிசல்தான் அதற்கு வழி. அதன் திறப்பின் அகலம் இரண்டு மடங்கானால் ஓட்டம் எட்டு மடங்காகிவிடும். அப்படிப்பட்ட விரிசல் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது என்பதால் சீஸ்மிக் படத்தில் (நிலத்துக்குள் அதிர்வலை அனுப்பி எடுக்கும் படம்) தனியாகத் தெரியாது, நேராக இறங்கும் கிணறோ செங்குத்தான இரண்டு விரிசல்களுக்கு நடுவே எதையும் தொடாமலே போய்விடலாம். அதனால் அடுக்கின் தடிமன், பாறையின் நொறுங்கும் தன்மை, மடிப்பின் வளைவு, பழைய அழுத்தங்களின் திசை என்று துப்பு சேர்த்துத்தான் கணிக்க வேண்டும். துப்பறியும் வேலை மாதிரி, எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

மென்பொருள் கற்றுக்கொள்ளட்டும், பைத்தானும் புள்ளியியலும் கட்டாயம். ஆனால் முதலில் கோர், அதாவது கிணற்றிலிருந்து எடுத்த உருளைப் பாறையை, கையில் வைத்துப் பார்க்கப் பழக வேண்டும். விரிசலுக்குள் வெள்ளையாகக் கால்சைட் படிந்திருந்தால் அது மண்ணுக்கடியிலேயே உண்டானது, ஆனால் இப்போது அடைத்துக்கொண்டிருக்கலாம். படிவே இல்லாமல் பளிச்சென்று புதிதாக இருந்தால் துளையிடும்போது உடைந்ததோ என்று சந்தேகப்பட வேண்டும். இரண்டையும் ஒன்றாக எண்ணிவிட்டால், அதை வைத்துப் பழக்கிய கணினி மாடல் எவ்வளவு நவீனமாக இருந்தாலும் விடை தப்பாகத்தான் வரும்.

சரி, தலைப்பை உறுதி செய்யும் முன் வழிகாட்டியிடம் இதை மட்டும் அவள் கேட்கட்டும்: கோரும், கிணற்றுக்குள் கருவி இறக்கி அதன் சுவரை எடுத்த படமான இமேஜ் லாகும் நிஜமாகவே கையில் இருக்கிறதா, அவற்றை வெளியிட நிறுவனத்தின் அனுமதி எழுத்தில் உண்டா? பார்த்துக்கொள்ளலாம் என்று பதில் வந்தால், அதே வழிகாட்டியிடம் தரையில் வெளித்தெரியும் பாறைகளில் விரிசலை அளக்கும் தலைப்பாக மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள்.