கையெழுத்துப் போட்டீர்களா, இல்லையா?

பட்டுக்கோட்டை வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம் ஒன்றில் 14 வருடமாக டவர், ஃபைபர் வேலை. செலவைக் குறைக்கிறோம் என்று திருச்சி ஓட்டலுக்குக் கூப்பிட்டு எச்.ஆர். அதிகாரி இரண்டு தாளை நீட்டினாராம். ஒன்று ராஜினாமா, மூன்று மாத அடிப்படைச் சம்பளத்தோடு. இன்னொன்று அசாமுக்கு மாற்றல். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

சார், 2018 கஜா புயலில் சாய்ந்து கிடந்த தென்னைகளுக்கு நடுவே கேபிளைத் தோளில் சுமந்து போனதை இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மனசு கனத்தது. ஆனால் வழக்கில் அது நிற்காது, மேலதிகாரி ஒருமையில் பேசியதும் நிற்காது. கடைசி வரியில் "இன்னும் கையெழுத்துப் போடவில்லை" என்கிறீர்களே, அதுதான் உங்கள் வழக்கு.

கம்பெனி உங்களை நீக்கினால் அது ஆட்குறைப்பு. முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம், 14 வருடத்துக்கு ஏழு மாதம், நோட்டீஸ் மாதத்தோடு எட்டு. நீங்களாக விலகினால் அது கிடையாது. மூன்று மாதம் கொடுக்க அவர்கள் முன்வருவது இதனால்தான். கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி, எப்படி விலகினாலும் வரும், "எல்லாம் சேர்த்து" என்று எழுதினால் விடாதீர்கள்.

என்னிடம் வருகிறவர்கள் விழுவது ஒரே குழியில். "சொந்த விருப்பத்தின் பேரில்", "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதிக் கொடுத்து, பணம் கணக்கில் ஏறி, அதில் மகளுக்குக் காலேஜ் ஃபீஸும் கட்டி, ஆறு மாதம் கழித்து மிரட்டி வாங்கினார்கள் என்று வருவார்கள். மிரட்டலை நிரூபிக்க வேண்டியது நாம்; ஓட்டல் அறைக்குள் நமக்குச் சாட்சி யார்? விருப்ப ஓய்வுப் பணத்தை வாங்கிக்கொண்டவர் பிறகு பழைய பாக்கி கேட்க முடியாது என்று 2003-லேயே ஏ.கே. பிந்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்புறம், மாற்றல் உத்தரவு வந்த கோபத்தில் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள், வேலைக்கு வராமல் நின்றுவிட்டார் என்று ஃபைல் போடுவார்கள். ஆட்சேபத்தை மெயிலில் எழுதி அவகாசம் கேளுங்கள்.

'டெக்னிக்கல் மேனேஜர்' என்ற பதவிப் பெயருக்குப் பயப்பட வேண்டாம், கையில் ஃபைபரை இணைக்கிற ஸ்ப்ளைசிங் மெஷின் பிடிப்பவர் சட்டப்படி தொழிலாளிதான், ஆட்குறைப்புப் பணமும் தொழிலாளிக்குத்தான். ஆனால் மற்றவர்களின் லீவு அப்ரூவல் உங்கள் லாகினில் போயிருந்தால், நீங்கள் தொழிலாளி இல்லை, மேலாளர் என்று அதை வைத்தே வழக்கை வருடக்கணக்கில் இழுப்பார்கள்.

சரி, உங்களுக்கு 46 வயது, வீட்டுக்கடன் ஓடுகிறது, பேசி முடித்துக்கொள்ளுங்கள். முழுச் சம்பளக் கணக்கில் எட்டு மாதம் கேளுங்கள், ஆறுக்குக் கீழே இறங்காதீர்கள். தொகை முழுவதும் எழுத்தில் வரட்டும். வெள்ளிக்கிழமை தனியாகப் போகாதீர்கள், தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படித்துவிட்டுத்தான் பதில் என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.