18-0-18 டிரான்ஸ்ஃபார்மரை டிடிஏ 2030 ஆம்ப்ளிஃபையர் போர்டுக்குக் கொடுக்கலாமா?

கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் வாங்கிய 18-0-18 டிரான்ஸ்ஃபார்மர் டிடிஏ 2030 போர்டுக்குச் சரிவருமா என்று கேட்கிறீர்கள். வராது. 18 என்பது நடு வயரிலிருந்து இரு பக்கமும் வரும் ஏசி வோல்ட். ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜும் கெப்பாசிட்டரும் தாண்டினால் அது 1.414 மடங்காகி, டயோடில் கொஞ்சம் போக, பிளஸ் மைனஸ் 24 ஆகும், பாட்டு ஓடாதபோது இன்னும் கூடுதலாகவே நிற்கும், போர்டில் உள்ள அந்த 2030 ஐசி தாங்குவதோ பிளஸ் மைனஸ் 18 தான். நானும் இப்படி ஒன்றை 'டப்' என்று வெடிக்கவிட்டு அம்மாவிடம் ஏச்சு வாங்கியிருக்கிறேன். 12-0-12 போடுங்கள், சுமார் 16 வரும்.

வாங்கியது வீணாகக் கூடாதென்றால் எல்எம் 3886 என்ற வேறு ஆம்ப்ளிஃபையர் ஐசி உள்ள போர்டு தேடுங்கள், அதற்கு 24 சுகம், ஹீட்சிங்க் மட்டும் பெரிதாக வேண்டும். கெப்பாசிட்டர், பிளஸ் மைனஸ் ஒவ்வொரு பக்கத்துக்கும் 4700 மைக்ரோஃபாரட் போதும், ஆனால் மலிவு என்று 25 வோல்ட் எடுக்காதீர்கள், 35 அல்லது 50. அப்புறம் முதல் தடவை ஆன் செய்யும்போது மெயின்ஸ் லைனில் 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போடுங்கள். எங்காவது ஷார்ட் என்றால் பல்பு பளிச்சென்று எரியும், போர்டு பிழைக்கும்.